வோல்கா அண்ணனின் ஊர்

பிறந்த ஊரை அடியோடு மறந்துவிட்டு, பிழைக்கப் போன ஊருக்காக உயிரைவிடத் தயாராக இருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கெடாவில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடொன்றில் இருந்தார். வோல்கா அண்ணன்.

இளவயதில் கப்பலில் கரி தள்ளியவர். ஏதோ துறைமுகத்தில் காய்ச்சலில் படுக்க, கப்பல் இவரை விட்டுவிட்டுப் போயிற்று. அலைந்து திரிந்து, ருஷ்யாவில் வோல்கா நதிக்கரை ஊரான ஜாரிட்சினில் எஃகு ஆலை வேலைக்குச் சேர்ந்தாராம். கெடாவுக்கு வந்து ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியபோதும் மனது அங்கேதான். ரப்பர்ப் பாலைச் சேர்க்கும் எங்கள் பால் ஸ்டோருக்கு அவர் வைத்த பெயர் ‘எஃகு ஆலை’. கோயில் மேடு ‘கோட்டை’.

“மெர்போக்லாம் ஒரு ஆறா தங்கச்சி? கோவணம் லா அது. வோல்கா பதினெட்டு முழச் சேலை” என்பார்.

ஜப்பான்காரன் வந்தான். ரேடியோ கேட்டால் தலை போகும் என்றார்கள். எஞ்சின் மெக்கானிக்கான என் கணவர், விறகுக்கு அடியில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் அண்ணனிடம் வாய்விட்டார்.

“உங்க ஊருக்கு இப்ப ஸ்டாலின்கிராட்னு பேராம்ணே. ஜெர்மன்காரன் உள்ள பூந்துட்டானாம்.”

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் மரவள்ளிக்கிழங்கு வாங்க நின்ற வரிசையில், ஊருக்கே கேட்கும்படி, “எஃகு ஆலை இன்னும் விழல லா” என்றார்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து ஜப்பான் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளனும் லாரியில் வந்தார்கள். எல்லாரையும் வெயிலில் நிறுத்திவிட்டு அண்ணனை முட்டிபோட வைத்தார்கள்.

“ரேடியோ எங்க?” என்றான் மொழிபெயர்ப்பாளன். என் கணவர் எங்கள் வீட்டு விறகுப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

“ரேடியோ எதுக்குங்க? நானே அங்க இருந்தவன்” என்று அண்ணன் தொடங்கினார். அவர்கள் மொழியில் ‘ராணி’ என்பது மாதிரி ஒலிக்கும் அந்த ஊர் முதலில் மரக்கோட்டையாக இருந்தது, பிரெஞ்சுக்காரன் ஆலை கட்டியது, படகு படகாகத் தர்ப்பூசணி வந்து இறங்கியது, குளிரில் ஆறு உறைந்து அதன்மேல் குதிரைவண்டி ஓடியது. அதிகாரி அறைந்தான். அண்ணன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, விட்ட இடமான குதிரைவண்டியிலிருந்தே தொடர்ந்தார்.

“ஸ்டாலின்கிராட்டுல சண்டைன்னு சொன்னியாமே?”

அண்ணன் மொழிபெயர்ப்பாளனை நிமிர்ந்து பார்த்தார்.

“அது எந்த ஊருங்க? நான் சொன்னது ஜாரிட்சின். ராஜா போனப்புறம் வெள்ளைப்படையும் செம்படையும் அடிச்சிக்கிட்டாங்களே, அந்தச் சண்டை. நான் இருந்தவரைக்கும் ஆலை விழல.”

அடுத்து அவர் மீன் விலைக்குப் போனார். மொழிபெயர்ப்பாளன் களைத்துப்போய், தன் நெற்றியைத் தட்டி அதிகாரிக்கு ஜாடை காட்டினான். அதிகாரி கடைசியாக ஓர் உதை விட்டான். லாரி போய்விட்டது.

அண்ணனின் வாயைக் கழுவிவிட்டபோது இரண்டு பற்கள் என் உள்ளங்கையில் விழுந்தன. “புதுப் பேரு நெசமாவே மறந்துபோச்சாண்ணே?” என்றேன்.

“மறக்குமா தங்கச்சி? அதச் சொல்லிருந்தா ரேடியோ கேட்டது தெரிஞ்சு ஒன் புருசன் போயிருப்பான்ல.”

சில மாதங்களில் ஜெர்மன்காரன் அங்கே தோற்ற செய்தி வந்தது. என் கணவர் காதோடு சொன்னார். ஆலையைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ அண்ணன் கேட்கவில்லை. “ஆத்தங்கரையில ஒரு ரொட்டிக்கடை. ஒரு பொம்பள வச்சிருந்தா. அது இருக்கான்னு சொன்னானா?” என்றார்.

எந்த ரேடியோ அதைச் சொல்லும்? பொய் சொல்லத் தெரியாத என் கணவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

“இருக்காம்ணே” என்றார். “வியாபாரம் நல்லா நடக்குதாம்.”