முதல் அடிக்கு முந்தைய பதினேழு அடிகள்

படை திரட்டி நிலம் பிடித்தவர்களைப் பற்றி உலகம் போதுமான அளவு எழுதிவிட்டது. திட்டம் போட்டே நிலம் பிடிக்கப் புறப்பட்ட ஒருவரைப் பற்றி இன்றுவரை ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைப் போக்கும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த மாமனிதர் என் அக்காவின் கணவர். அவருடைய திட்டக் குழுவுக்கு நான்தான் செயலாளர்.

மாமாவுக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் உத்தியோகம். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதில் அவரை அசைக்க ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் தாமதத்தை எழுதிவந்தவரை, ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த இலவச முதலீட்டுப் பயிலரங்கம் ஒரே பகலில் வேறு ஆளாக்கிவிட்டது. "வீடு வாங்குறதை யார் வேணாலும் செய்வாங்க. திட்டம் போடுறவன்தான் முதலீட்டாளன்" என்று காதில் மைக் மாட்டிய பயிற்சியாளர் சொன்னாராம். மாமா அன்று மாலை முதலீட்டாளராகத்தான் வீடு திரும்பினார். கையில் ஓர் இலவச டயரியும் இருந்தது.

அடுத்த ஞாயிறே 'முதல் அடித் திட்டக் குழு' உதயமானது. தலைவர் மாமா. செயலாளர் நான், கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் எனக்கே. உறுப்பினர் அக்கா. கூட்டம் நடக்கும் இடம், அவர்கள் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டின் சாப்பாட்டு மேஜை. முதல் அடி எது என்று மூன்று மணி நேரம் விவாதித்தோம். முதல் அடியை எடுத்து வைப்பதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டிய அடிகள் பதினேழு என்று ஒருமனதாக முடிவானது. அக்கா நடுவில் ஏதோ சொன்னாள். தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

"பதினேழையும் முடிச்சப்புறம்தான் வீடு பாக்கணுமா மாமா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் மாப்ள. வாங்கத்தான் கூடாது."

பார்த்தோம். சனிக்கிழமைதோறும் மூன்று நான்கு வீடுகள். மாமாவின் பையில் டேப், டார்ச், ஒரு கோலிக்குண்டு, டிப்போ ஸ்டாப்வாட்ச். ஹாலில் கோலியை வைப்பார். அது உருண்டால் தரை சரிவு என்று பொருள். குழாயடியில் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை செகண்ட் என்று குறிப்பார். ஒரு வீட்டில் இரைச்சலை அளக்கப் படுக்கையறைத் தரையில் கண்ணை மூடிப் பத்து நிமிடம் படுத்துவிட்டார். அந்த வீட்டம்மா பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தார்.

இருபத்தோராவது வீட்டு வாசலில் புரோக்கர் கேட்டார்: "சார், இதுல எதாவது ஒண்ணு புடிச்சிருக்கா, இல்லையா?"

மாமா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "புடிக்கிறதுங்கிறது உணர்ச்சி தம்பி. முதலீட்டாளனுக்கு அது ஆகாது."

அன்றிலிருந்து புரோக்கர் போனை எடுப்பதில்லை. 'தரகர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்' என்று நான் குறிப்பில் எழுதினேன்.

ஆறாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மெதுவாக இறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி போனபிறகு கடையை மூடிவிட்டார்.

"மக தன்கூடவே வந்து இருக்கச் சொல்றா. எனக்கும் படியேற முடியல. வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன். பதினோரு வருஷத்துல என்னைக் கேக்காம நீங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. வெளியாளுக்குப் போறதுக்கு நீங்களே எடுத்துக்குங்களேன்" என்று சொல்லி, ஒரு விலையும் சொன்னார்.

நாங்கள் பார்த்த இருபத்தொன்றிலும் அவ்வளவு நியாயமான விலை கிடையாது. அவர்களுடைய சேமிப்பும் கொஞ்சம் வங்கிக் கடனும் போதும். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம்தான் அவளுடைய தையல் மெஷின். அந்தத் தெருவில் பாதிப் பேர் ஜன்னல் கம்பி வழியாகவே துணியைக் கொடுத்து, அதே வழியாகத் தைத்ததை வாங்கிப் போவார்கள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். "ரொம்ப சந்தோஷம் ஐயா. உங்க விண்ணப்பத்தைக் குழு பரிசீலிக்கும்."

"விண்ணப்பமா?"

"வரிசை எண் இருபத்திரண்டு."

இப்படிப்பட்ட நடுநிலையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. சொந்த வீடாகப் போகிற வீடு என்பதற்காக ஓர் எண்ணைக்கூட மாமா முன்னால் தள்ளவில்லை. வீட்டுக்காரர் அடுத்த இரண்டரை மாதத்தில் மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் விஷயம் 'அடுத்த கூட்டத்துக்கு' ஒத்திவைக்கப்பட்டது.

பன்னிரண்டாவது அடி, 'பயிற்சி அறிக்கை'. பயிலரங்கத்துக்கு வந்த இருநூறு பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஏதாவது ஒரு வீட்டை மதிப்பிட்டு அறிக்கையை அதில் போட வேண்டும். தகவலெல்லாம் கையிலேயே இருக்கிறது என்று மாமா தான் குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொண்டார். முப்பத்துநாலு பக்கம். கேலியில்லாமல் சொல்கிறேன், அது அருமையான அறிக்கை. கோலி எந்த அறையிலும் உருளவில்லை. வாளி நாற்பத்தொரு செகண்டில் நிரம்பியது, கோடையிலும்கூட. சுவரில் தெரியும் விரிசல் பெயின்ட்டில் மட்டும்தான். 'பரிந்துரை' என்ற கடைசிக் கட்டத்தில் மாமா எழுதியிருந்தார்: "உடனே வாங்க வேண்டிய வீடு. தாமதித்தால் கைநழுவும்."

குழுவில் எழுபது பேர் கைதட்டல் படம் அனுப்பினார்கள். மாமா போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

பத்தாம் நாள் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். கையில் அறிக்கையின் அச்சுப் பிரதி, சட்டைப்பையில் கோலிக்குண்டு. பதிமூன்றாவது அடியான 'சக முதலீட்டாளர் சரிபார்ப்பு' தானாகவே வீடு தேடி வந்துவிட்டதாக மாமா பூரித்துப்போனார்.

"நாப்பத்தொரு செகண்ட்னு போட்டிருக்கீங்க. இப்ப நாப்பதுலயே ரொம்பிருச்சே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் எப்பவும் கொஞ்சம் அடக்கித்தான் எழுதுவேன்."

"ஜன்னல்ல நல்ல வெளிச்சம்" என்றார் அவர் மனைவி. அக்கா உறையை எடுத்து மெஷினை மூடினாள்.

"இவ்வளவு நல்ல வீடு. நீங்க ஏன் சார் வாங்கல?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"நான் இன்னும் பன்னண்டாவது அடியிலதான் இருக்கேன்."

"நாங்க அவ்வளவெல்லாம் படிக்கல சார். உங்க கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படிச்சோம். மேல ஐயா இருக்காரா?"

"இருக்காரே. வாங்க, நானே அறிமுகப்படுத்தறேன்" என்று மாமா முன்னால் படியேறினார். வழியில் கைப்பிடியை ஆட்டி அதன் உறுதியையும் காட்டினார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடிந்தது. "மூணு தடவை கேட்டேன்மா" என்று வீட்டுக்காரர் அக்காவிடம் சொன்னார். "கேட்டீங்க ஐயா" என்றாள் அக்கா.

இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அதன் ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கின்றன. ஹாலில் வைத்த கோலி தானாகவே அடுக்களைக்குப் போய்விடுகிறது. மாமா அந்த வீட்டை எந்த வரிசை எண்ணும் இல்லாமல் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்.

பத்தொன்பதாவது கூட்டம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கூடியது. மாமாவின் முகத்தில் பெருமிதம். அவருடைய அறிக்கையால் ஒரு வீடு விற்றதைக் கேள்விப்பட்டு, அடுத்த பயிலரங்கத்தில் 'வெற்றிக் கதைகள்' பகுதியில் பேச அழைத்திருந்தார்கள்.

"முப்பத்துநாலு பக்கத்துல ஒரு வரி தப்பில்லைன்னு சந்தையே ஒத்துக்கிச்சு. மாப்ள, கூட்டக் குறிப்பை எடு. பேசறதுக்கு நாலு குறிப்பு வேணும்."

நான் நோட்டை நீட்டினேன். நடுவில் அக்கா வாங்கிக்கொண்டாள். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அவசரமே படவில்லை.

"பதினெட்டுக் கூட்டத்துலயும் நான் ஒரே விஷயம்தான்டா சொன்னேன். இந்த வீட்டையே கேட்டு வாங்கிடலாம்னு. ஐயா வந்து கேக்கறதுக்கு முன்னாடியிலேருந்தே சொன்னேன். அதை எங்க எழுதியிருக்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் நோட்டை வாங்கித் தேடினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எதையும் விடமாட்டேன். இருபத்தொரு வீட்டுக் குழாயின் செகண்டும் இருந்தது. தண்ணீர் தெளிக்கப்பட்டது இருந்தது. கைதட்டியவர்களின் எண்ணிக்கை இருந்தது. அக்கா பேசியதற்கு நேராக, பதினெட்டுக் கூட்டத்துக்கும், ஓர் எழுத்து மாறாமல் நான் எழுதியிருந்தேன்: "உறுப்பினர் தேநீர் வழங்கினார்."