வெள்ளை முயலுக்குக் கிழங்கு கிடையாது

கிழங்கு தின்ற கறுப்பு முயல் கொஞ்சம்தான் வளர்ந்திருந்தது. கிழங்கே காணாத வெள்ளை முயல் பெருத்துக்கொண்டே போனது. ஒலி முகம்மது தராசைத் தட்டிப் பார்த்தார். முள் மாறவில்லை.

மச்சான் யாக்கூப்புக்கு ஊருக்கு வெளியே லிம் சூ காங்கில் முயல் பண்ணை. தீவனத்தோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தால் குட்டிகள் சீக்கிரம் தேறும் என்று யாரோ சொல்ல, அவர் பாதித் தோட்டத்தில் கொடி நட்டுவிட்டார்.

"அவசரப்படாதீங்க மச்சான். ஒரே ஈத்துல ரெண்டு குட்டி குடுங்க, சோதிச்சுச் சொல்றேன்" என்று வாங்கி வந்தவர் ஒலி முகம்மதுதான். தோ பாயோ அடுக்குமாடி வீட்டு வாசல் நடைபாதையில் இரண்டு கூண்டுகள் வைத்தார். பகலில் அவரும் மனைவி நஃபீசாவும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

கறுப்புக்குப் பச்சைக் கிழங்கைக் கூட்டினார். அதற்கு வயிறு கெட்டு, இருந்த சதையும் போயிற்று. வெள்ளைக்குத் தீவனத்தைப் பாதியாக்கினார். அது இன்னும் வேகமாகப் பெருத்தது. தீவனத்தை அடியோடு நிறுத்தி வெறும் புல்லைப் போட்டார். அது புல்லை முகர்ந்துவிட்டு, கூண்டு நிறைய உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது.

"நஃபீசா, இது புது விஷயமா இருக்கு. குறைக்கக் குறைக்கக் கொழுக்குது."

"நீங்களும் ஒல்லியாத்தான் இருக்கீங்க. ராத்திரி பரோட்டாவ நிறுத்திப் பாப்போமா?"

அவர் யாக்கூப்புக்குப் போன் போட்டார். "மச்சான், கிழங்கு சரிப்படாது. தீவனத்தையும் குறைங்க. முயலுக்குப் பசிதான் சத்து."

"நல்லாப் பாத்தீங்களா?"

"தராசு வச்சுப் பாத்தேன் லா."

யாக்கூப் கொடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். வெள்ளை முயலைத் தூக்க முயன்று, முடியாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

"நெசமாவே புல்லு மட்டுமா?"

"புல்லு மட்டும்தான்."

மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய அடுத்த வீட்டு அல்போன்சம்மாள் அங்கேயே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். கறுப்புக்கு மட்டும் கிழங்கு குடுக்குறீங்க, வெள்ளை பாவம் பாத்துக்கிட்டே இருக்குதுன்னு, நீங்க வேலைக்குப் போனதும் இந்த மாடியில எல்லா வீட்டுக்காரங்களும் முறை வச்சு அதுக்குச் சக்கரவள்ளி அவிச்சுப் போடுறோம்."