ஊசலுக்குப் பிடித்த மவுஸ்

கணினிக் கடையின் மாடிப்படியில் நாற்பது பேர் வலது கையைக் கழுவித் துடைத்து, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். விளையாட்டுக்கு மவுஸ் வாங்குவது அத்தனை புனிதமான காரியமாகியிருந்தது.

மேலே ஊசலார் வீற்றிருந்தார். வந்தவரின் உள்ளங்கையை ஒரு கையில் ஏந்துவார். மறுகையால் செப்புக் குண்டு கட்டிய நூலை மேசையிலுள்ள மவுஸ்களின்மேல் ஒவ்வொன்றாகப் பிடிப்பார். எதன்மேல் குண்டு சுழல்கிறதோ, அதுவே அந்தக் கைக்கு விதித்த மவுஸ். விற்காமல் தேங்கிய சரக்கின்மேல் மட்டுமே குண்டு சுழன்றது தற்செயல் என்று கடைக்காரரே விளக்கினார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் படித்த நீதிக்கதைகளில் சிங்கம் ஏமாந்ததுண்டு, கழுதையும் ஏமாந்ததுண்டு. முன்பதிவு செய்து, வரிசையில் நின்று ஏமாந்த விலங்கு எதுவும் இல்லை.

அன்று கூரியர் அலுவலகப் பெண் ஒருத்தி, கையுறை தைக்கும் தன் அக்காவோடு வந்தாள். ஞாயிறன்று அவளுக்குக் கணினி விளையாட்டு அணிக்கான தேர்வு. ஊசலார் முன்பு தந்த மவுஸ் செங்கல்லின் சாயலில் இருந்தது, மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கை வலிக்குதுங்கய்யா. சுடறதெல்லாம் தள்ளித் தள்ளிப் போகுது."

"மவுஸ்ல குறையில்லம்மா. உன் கை இன்னும் அதை நம்பல. இதைவிடக் கனமா ஒண்ணு பார்க்கலாம்."

அக்கா குறுக்கிட்டாள். "ஐயா, நான் தினம் நூறு கை அளக்கிறவ. கையில நீளம் இருக்கும், அகலம் இருக்கும். விதி இதுவரைக்கும் நாடாவுல அகப்பட்டதில்ல. ஒரு சின்ன சோதனை வைக்கலாமா?"

"தாராளமா!" என்றார் ஊசலார். நாற்பது பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்?

அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, அக்கா மேசையிலிருந்த மவுஸ்களை அகற்றி, தன் பையிலிருந்து எதையோ எடுத்து வைத்து, மேலே ஐந்து அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்தாள். ஊசலார் திரும்பினார், தங்கையின் கையை ஏந்தினார். நான்காம் பெட்டியின்மேல் குண்டு பம்பரமாய்ச் சுழன்றது.

"இதேதான்! இந்தக் கைக்குன்னே பிறந்தது!"

அக்கா பெட்டியைத் தூக்கினாள். உள்ளே குளியல் சோப்பு. மற்ற நான்கையும் தூக்கினாள். நான்கும் சோப்பு.

"இது எல்லாத்துக்கும் ஒயர் எங்க மாட்டணுங்கய்யா?" என்றாள்.

ஊசலாருக்கு இருமல் வந்தது. அக்கா நாடாவை எடுத்துத் தங்கையின் கையை அளந்து, அலமாரியிலிருந்து சிறிய, இலேசான மவுஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"பிடிச்சுப் பாருடி. வலிக்குதா?"

"இல்லக்கா!"

ஞாயிறன்று அவள் அணியில் சேர்ந்தாள் என்று பிறகு அறிந்தேன். அன்றோ, வரிசை மெல்லக் கலைந்தது. கடைசியில் நின்றவர் மட்டும் அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குண்டு சும்மா சுத்தாதும்மா. அந்த நாலாவது சோப்பு எந்தக் கடையில வாங்குன?"

அவருடைய வலது கை மிகவும் சுத்தமாக இருந்தது. கழுத்துக்கு மேலேயும் ஓர் உறுப்பு இருக்கிறது, நண்பர்களே. அதையும் அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள், தேய்ந்துவிடாது.