ஓமாம் தோணிக்காரர்

மட்டக்களப்பு வாவியைக் கடலோடு சேர்த்துவைத்த மாமனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட மண்வெட்டியைத் தொட்டதில்லை.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே தோணி ஓட்டியவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு கரையும் அவரை 'ஓமாம்' என்றே அழைத்தன. எதைக் கேட்டாலும் யாரோ எங்கோ 'ஓம்' என்று சம்மதித்துவிட்டதாகத்தான் பதில் வரும். கலியாணப் பேச்சா? "பொம்புளை வீட்டார் ஓமாம்." வேலிச் சண்டையா? "எதிராளி ஓமாம்." இந்த ஒற்றைச் சொல்லால் எத்தனையோ கலியாணங்களை ஒப்பேற்றியிருக்கிறார். ஒன்றைக் குழப்பியும் இருக்கிறார். அது என் அண்ணனுடையது.

அந்த வருஷம் மாரி மழை விட்டபாடில்லை. கல்லாற்றுப் பக்கம் வாவியின் வாயை மணல்திட்டு அடைத்துக்கொண்டது. வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் வட்டை வயலெல்லாம் மூழ்கிவிட்டது. இன்னும் நாலு நாள் கிடந்தால் பயிர் அழுகிவிடும். அதில் என் வயலும் ஒன்று. அந்த நெல்லை நம்பித்தான் எனக்குப் பங்குனியில் கலியாணம் வைத்திருந்தார்கள்.

மணலை வெட்டினால் தண்ணீர் போய்விடும். ஆனால் மீன்காரர் விடமாட்டார்கள். வாய் திறந்தால் வாவியில் வளரும் இறாலெல்லாம் கடலுக்கு ஓடிவிடும். வயற்காரருக்குத் தலைவரான வட்டை விதானை, "அவங்க வந்து பேசட்டும்" என்றார். மீன்காரருக்குத் தலைவரான சம்மாட்டி, "அவரு வந்து கேக்கட்டும்" என்றார். இருவரும் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். பயிருக்குத்தான் மூச்சு முட்டியது.

ஓமாம் தோணியைத் தள்ளினார்.

சம்மாட்டியிடம் போய், "விதானையார் ஓமாம். இறால் போகாம மறிக்கிறதுக்குக் கம்பும் ஆளும் தாறாராம்" என்றார். திரும்பி வந்து விதானையிடம், "சம்மாட்டியார் ஓமாம். நீங்க கம்பு குடுத்தா அவங்க வலை கட்டுவாங்களாம். வியாழக்கிழம விடியவே வாறாங்களாம்" என்றார். போகிற வழியில் காத்தான்குடியிலும் இறங்கி யாரையோ ஓமாக்கியிருக்கிறார். அவர்கள் கட்டுக் கட்டாகக் கயிறு கொண்டுவந்தார்கள்.

வியாழக்கிழமை காலை மணல்திட்டில் மூன்று கூட்டம் நின்றது. ஒவ்வொரு கூட்டமும் மற்றக் கூட்டம் நன்றி சொல்லுமென்று காத்திருந்தது.

"நீங்க கெஞ்சிக் கேட்டதாலதான் வந்தம்" என்றார் சம்மாட்டி.

"ஆரு கெஞ்சின? நீங்கதானே ஆள் விட்ட!" என்று விதானை பாய்ந்தார்.

எல்லோருடைய பார்வையும் தோணி முனையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் மேல் திரும்பியது.

"நான் எங்க ஓம் எண்டன்? ஓமாம் எண்டுதானே சொன்னன்! கேள்விப்பட்டதச் சொல்லுறது குத்தமா?"

"ஆரிட்டக் கேள்விப்பட்ட?"

"இனித்தான் கேக்கப்போறன். சம்மாட்டியார், ஓமா?"

சம்மாட்டி குவிந்திருந்த கம்புகளைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

"விதானையார்?"

"மறுகா என்ன செய்யிற? ஓம்."

"பாத்தீங்களா! நான் பொய் சொல்லல்ல. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன்."

ஆளுக்கு ஆள் அவரைத் திட்டிக்கொண்டே வெட்டினார்கள். வலை கட்டி முடிந்ததும் கடைசி மணலைத் தள்ளினார்கள். வாவி இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. இரண்டாம் நாள் என் பயிரின் நுனி தெரிந்தது. வரம்பில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

நாள் போகப் போக அவருடைய துறையும் வற்றிப்போனது. ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியை நடந்தே கடந்தார்கள். அவருடைய பிழைப்பு அடுத்த மாரி வரைக்கும் படுத்துவிட்டது.

"இப்பிடி ஆகும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று ஓமாமிடம் கேட்டேன்.

"தெரியாம என்ன மனே! ஆத்திட்டயும் கேட்டன். வத்துறதுக்கு ஓமாம்."

பங்குனியில் கலியாணம் முடிந்து புது மனைவியோடு அக்கரைக்குப் புறப்பட்டேன். முழங்காலளவு தண்ணீர். கூட வந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் தோணியில் ஏறினோம். ஓமாம் தண்ணீரில் இறங்கி, எங்களைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். கரை வந்தும் எனக்கு இறங்க மனம் வரவில்லை.