சமையலறைப் படி தொடர்பாக மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அக்காவும் அங்கே சுகம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இடுப்பு வலி, பல்வலி ஏதாவது இருந்தாலும் இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும். விஷயம் அவசரம்.

உங்கள் தங்கையின் உயரம் உங்களுக்குத் தெரியும். அதை அவள் காதுபடச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். எங்கள் சமையலறையின் மேல் அலமாரிகளோ கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. ஆகவே முப்பத்திரண்டு வருஷமாக, "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று அவள் கூப்பிடுவதும், நான் போய் எதையாவது எடுத்துக் கொடுப்பதும் இந்த வீட்டு நடைமுறை. நான் ஓய்வு பெற்ற பிறகு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அழைப்பு வரும். போன மாதம் ஒருநாள் பேப்பரில் மூழ்கியிருந்ததில் அவள் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவளாகவே நாற்காலியில் ஏறிவிட்டாள். நாற்காலி ஆடிய ஆட்டத்தில் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே தச்சரை வரவழைத்து, கீழ் அலமாரிக்கு அடியில் சும்மா கிடக்கும் இடத்தில், வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு படி செய்யச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான்.

முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவன். அதனால் தச்சர் கையிலிருந்து டேப்பை வாங்கி, அளவை நானே எடுத்தேன். உங்கள் தங்கையைச் சுவரோரம் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, விரல் நுனிக்கு நேராகப் பென்சில் குறி போட்டேன். என் கண் மேலே குறியில் இருந்தது. அவள் குதிகால் தரையில் இல்லை. தச்சர் முன்னால் குள்ளமாகத் தெரிவானேன் என்று எக்கி நின்றிருக்கிறாள். ஒரு சாண் உயரத்தில் படி வந்தது. ஏறிக் கையை நீட்டினால், அலமாரிக் கைப்பிடிக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி. தச்சர் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அன்னைக்கு லேசா எக்கிட்டேன் போல" என்றாள். லேசாம்.

பிறகு தச்சர் யோசித்து, அடி இழுப்பறையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது படியைப் பொருத்தினார். இழுப்பறையில் இருந்த, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத பதினேழு மூடிகளும் என் எழுத்து மேசைக்குக் குடிவந்தன. உங்கள் தங்கை இரண்டாவது படியில் ஏறினாள். எல்லாம் எட்டியது. எட்டக் கூடாததும் எட்டியது. டாக்டர் எனக்கு இனிப்பை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. மேல் தட்டுப் பெரிய பானைக்குள் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த மூன்று கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள் அன்றோடு போயின. ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

பிஸ்கட் போனால் போகிறது, என் குறை அதுவல்ல. படி வந்து இன்றோடு பதினெட்டு நாள். சமையலறையிலிருந்து ஒரு தடவைகூட எனக்குக் கூப்பாடு இல்லை. கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படி இழுபடுகிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான். நேற்று நானாகவே போய் ஏதாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். எல்லாம் எடுத்தாயிற்று என்றாள், அதுவும் சந்தோஷமாக. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆபீசில் என்னை அனுப்பியபோதாவது நாலு நல்ல வார்த்தை பேசி அனுப்பினார்கள்.

அவள் உங்கள் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டாள். ஆகவே, இந்த வயதில் படி ஏறி இறங்கினால் மூட்டு தேய்ந்துவிடும், அந்தப் படியைக் கழற்றிவிடு என்று, உங்களுக்கே தோன்றியது போல அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடவும். என் பெயர் வெளியே வரக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிகளையும் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உயரமான எதன் மேலும் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: உறை தேடி நான் எழுந்து போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். இன்றைக்கு மாட்டினோம் என்று நின்றேன். "கூப்பிடறதுக்கு எடுக்க ஏதாவது இருந்தாத்தானா? சும்மா வந்து உக்காந்து பேசக் கூடாதா?" என்றாள். சமையலறையில் உட்கார இடம் ஏது என்றேன். இரண்டு படிகளையும் இழுத்துக் காட்டினாள். கீழ்ப்படியில் காலை வைத்து மேல்படியில் உட்கார்ந்தால், எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது. காலையிலிருந்து அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டு, பேசிக்கொண்டு இருக்கிறேன். நான் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு ஏற இடமில்லை. அதனால் மேலே இருப்பதையெல்லாம் நான்தான் எழுந்து எடுத்துக் கொடுக்கிறேன். படி அப்படியே இருக்கட்டும், நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.