பொய்க்கண்ணில் ஏழு புழு

கல்லடியில் ஒருவர் கண்ணிலிருந்து புழு எடுக்கிறாராம்!

செய்தி வாட்ஸ்அப்பில் புறப்பட்ட அன்றே வாகரையைத் தொட்டது. மறுநாள் ஏறாவூர். அதற்கடுத்த நாள் களுதாவளையிலிருந்து மூன்று வான்கள். மூடிக்கிடந்த பழைய ஐஸ் தொழிற்சாலைக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. வெள்ளெழுத்துக்காரர், கண்புரைக்காரர், சீனி வருத்தத்தால் பார்வை மங்கியவர், மருமகளைக் கண்டாலே கண் எரிகிறது என்று சொன்ன ஒரு மாமியார். எல்லோருக்கும் ஒரே நோய்: புழு. எல்லோருக்கும் ஒரே வைத்தியர்: நயனானந்தர்.

அவருடைய முந்தைய தொழில் கைப்பேசிக்குத் திரை மாற்றுவது. இப்போது விழித்திரை. முன்னேற்றம்தானே!

"விழித்திரை எண்டா என்ன? ரசாயனத் தொழிற்சாலை!" ஒலிபெருக்கி அலறியது. "அங்க டோபமீன் எண்டு ஒரு சாமான் ஊறுது. குளுட்டமேட் எண்டு இன்னொண்டு ஓடுது. புழு என்ன செய்யுது? டோபமீனக் குடிச்சிட்டுக் குளுட்டமேட்டக் கக்குது! இத டொக்டர்மார் உங்களுக்குச் சொன்னவங்களா?"

"இல்ல ஐயா!"

சொல்லவில்லைதான். இல்லாததை எப்படிச் சொல்வார்கள்? ஆனால் கூட்டத்துக்கு டோபமீன் என்ற ஒரு சொல்லே போதும். விளங்காத சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதை விளங்கிய சொல்லுக்கு ஏது?

நயனானந்தரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரி மருந்துதான் புழுவுக்குச் சோறு. ஆகவே வாசலில் உள்ள நீலப் பீப்பாவில் எல்லோரும் தங்கள் மருந்துக் குப்பியைப் போட்டுவிட வேண்டும். இரண்டு, மணி அடித்ததும் சபை முழுக்கக் கண்ணை மூட வேண்டும். வெளியே வரும் புழு திறந்த கண்ணைத் தேடிப் பாயுமாம்! முதலில் ஒரு சட்டி நிறைய வெறும் பஞ்சுத் திரிகளைச் சபைக்குக் காட்டுவார்; எல்லோரும் கண் மூடியதும் அதில் ஒரு திரியால் நோயாளியின் கண்ணைத் துடைத்துப் பிழிவார். மறுமணி அடித்துக் கண்ணைத் திறந்தால், வெள்ளைப் பீங்கானில் தண்ணீருக்குள் புழு நெளியும்.

பார்வை உள்ள துணையாட்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்திருந்த நோயாளிக்குப் பார்வை இல்லை. இதைவிடப் பாதுகாப்பான தொழில் இந்த நாட்டில் வேறு உண்டா?

இந்தக் கூட்டத்துக்குத்தான் பனிச்சங்கேணியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், நல்லரத்தினமும் அவர் மனைவி சீதேவிப்பிள்ளையும்.

நல்லரத்தினம், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் நாற்பது வருடம் மீன் பிடித்தவர். இடது கண்ணைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கெளுத்தி முள் வாங்கிக்கொண்டது. அதன் இடத்தில் கொழும்பில் பொருத்திய செயற்கைக் கண். கல்யாண வீட்டுப் படங்களில் அந்தக் கண்தான் அழகாக விழும். மிஞ்சியது வலது கண். அதற்குள்ளும் அமுக்கம் ஏறியிருந்தது. காலையில் ஒரு துளி, மாலையில் ஒரு துளி, தவறினால் இருட்டு என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நாலு நாளாகத் துளி விழவில்லை. குப்பி சீதேவிப்பிள்ளையின் இடுப்பில் இருந்தது. பீப்பாவில் போடுவதற்காக.

வான் ஏறாவூரில் தேத்தண்ணிக்கு நின்றது. நல்லரத்தினம் நேரே ஹஸீனாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார். அவருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவள் அவள். பின்னாலேயே சீதேவிப்பிள்ளையும் வந்துவிட்டாள்.

"தங்கச்சி, இவள் என்ட மருந்தக் கல்லடிப் பீப்பாவுக்குப் படைக்கப் போறாள். ஒருக்காச் சொல்லுங்க."

"ஏன் அக்கா?" என்றாள் ஹஸீனா.

"கண்ணுக்குள்ள ரசாயனமாம், அதப் புழு குடிக்குதாம். ஐயா சொல்லுறார்."

"ரசாயனம் இரிக்கிறது மெய்தான். வெளிச்சம் விழுந்ததும் நரம்புக்குச் சேதி சொல்லுறது அதுதான். அண்ணன்ட கண்ணுல பிழை வேற. உள்ளுக்க நீர் வடியாம அமுக்கம் கூடி, நரம்பு நசியுது. செத்த நரம்பு திரும்ப முளைக்காதக்கா. இந்தத் துளி அமுக்கத்தக் குறைக்குது."

"ரெண்டு வருசமா ஊத்துறம். சுகம் வந்ததா?"

"இது சுகமாக்கிற மருந்தில்ல. இரிக்கிற பார்வையக் காப்பாத்துற மருந்து."

"ஐயா ஒரு நாளையில எடுத்திருவார்!"

நல்லரத்தினம் கையை உயர்த்தினார். "சரி, உன்ட ஐயாவுக்கு எல்லாம் தெரியுமோ?"

"தெரியும். முகத்தப் பார்த்ததும் சொல்லுவார்."

"அப்ப முதல்ல இடது கண்ணக் காட்டுவம். நீயும் வாய் திறக்கப்படா. இது பொய்க்கண், புழு இல்ல எண்டு அவர் சொன்னா, குப்பிய நானே பீப்பாவுக்குள்ள போடுறன்."

"புழு வந்தா?"

"வந்தா, உன்ட கையாலயே மருந்த ஊத்தோணும்."

"சம்மதம்! ஐயா பார்த்த உடனே கண்டுபிடிப்பார்."

"பார்ப்பாராக்கா?" என்று சிரித்தபடி கேட்ட ஹஸீனா, கடையைப் பூட்டிவிட்டுத் தானும் வானில் ஏறினாள்.

அவள் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. போன வாரம் நயனானந்தரின் ஆள் ஒரு மூக்குக்கண்ணாடியை ஆணி இறுக்கக் கொண்டு வந்திருந்தான். பிளஸ் மூன்று! அது இல்லாவிட்டால் தூரமும் மங்கல்; கிட்ட இருக்கும் விரலையே எண்ண முடியாது. அதை மேடையில் போட முடியுமா? கண் வைத்தியர் கண்ணாடி போட்டால் புழுவின் கௌரவம் என்னாவது?

நல்லரத்தினத்தின் முறை வந்தது. நயனானந்தர் அவருடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எந்தக் கண்?"

"இடது, ஐயா."

நயனானந்தர் குனிந்தார். தன் கண்ணைச் சுருக்கினார். விரித்தார். மறுபடி சுருக்கினார்.

"ஆகா! அருமையான கண். நரம்பெல்லாம் துடிக்குது, டோபமீன் ததும்புது! ஆனா உள்ளுக்க ஏழு புழு!"

"ஏழா!" என்று சபை வாயைப் பிளந்தது.

"மற்றக் கண், ஐயா?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"அது எப்பவோ செத்துப்போன கண். விடுங்க."

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கண் அவரை உற்றுப் பார்த்தது.

மணி அடித்தது. "கண்ண மூடுங்க!"

முந்நூறு பேர் மூடினார்கள். சீதேவிப்பிள்ளை மூடவில்லை.

மறுமணி. பீங்கானில் ஏழு புழுக்கள் நெளிந்தன. கைதட்டல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. அது அடங்கும்வரை பொறுத்திருந்த நல்லரத்தினம், இடது கண்ணுக்குள் விரலை விட்டு, ஒரு நெம்பு நெம்பி, கண்ணைக் கழற்றி ஒலிவாங்கிக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

டக்!

"பிளாஸ்டிக், ஐயா. இதுக்குள்ள இன்னும் இரிக்கா எண்டு பாருங்க."

பகுத்தறிவு வென்றது என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

நயனானந்தர் இரண்டு விநாடி விழித்தார். மூன்றாவது விநாடியில் கையைத் தூக்கினார். "பார்த்தீங்களா! உயிரில்லாத கண்ணுலயே ஏழு புழு எண்டா, உயிருள்ள கண்ணுல எத்தன இரிக்கும்!"

"அல்லாஹ்!" என்று யாரோ கூவினார்கள். "பிள்ளையாரே!" என்று பக்கத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மத ஒற்றுமைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வரிசை இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் தள்ளியது. சவுதியில் இருபது வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்த மஜீட், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"ஐயா, இதுலயும் இரிக்குமோ?"

நயனானந்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூண்டு."

"கேட்டயளா! மூண்டாம்!" என்றார் மஜீட், பரிசு விழுந்தவர் போல.

அப்போது நல்லரத்தினம் பீங்கானுக்குள் கையை விட்டார். ஒரு புழுவை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினார். மணந்தார்.

"இது நம்மட ஆத்துச் சேத்துப் புழு. கெளுத்திக்குத் தூண்டில்ல கொளுவுறது. என்ட கண்ணப் பறிச்ச கெளுத்தியும் இதத் திண்டுதான் வந்தது. பார்வை மங்கினாலும் விரலுக்குத் தெரியாதா, மக்காள்? இஞ்ச ஆத்துல இறங்கினவன் ஆரும் இரிந்தா வந்து தொட்டுப் பாருங்க!"

வரிசையில் நாலைந்து மீனவர்கள் நின்றார்கள். ஒருவன் தொட்டான். முகம் மாறியது.

"அண்ணன் சொல்லுறது சரி! கரைச்சேத்துப் புழுதான்!"

"ஐயா நல்ல கண்ணச் செத்த கண் எண்டார்!" சீதேவிப்பிள்ளை மேடையில் ஏறிவிட்டாள். "நான் கண்ண மூடல்ல. பஞ்சுத் திரிய எல்லாருக்கும் காட்டின சட்டியில இருந்து எடுக்கல்ல. மேசைத் துணிக்குக் கீழ கையை விட்டு எடுத்தான்!"

ஐயா அவனாகிவிட்டார். இரண்டு நிமிடத்தில் இவ்வளவு பெரிய சரிவை எந்தச் சந்தையும் கண்டதில்லை.

அவள் துணியை இழுத்தாள். கீழே இன்னொரு சட்டி. நனைந்த பஞ்சுத் திரிகளை அள்ளிப் பீங்கானுக்கு மேலே பிழிந்தாள். இடியப்பம் பிழிந்தது போலப் புழு விழுந்தது.

"எல்லாரும் கண்ணத் திறங்க! இது ஆர்ர கண் புழு? சொல்லுங்க!"

நயனானந்தர் ஓடினார். கண்ணாடி இல்லாமல் ஓடினார். வெளிக்கதவு என்று நினைத்து ஐஸ் அறைக்குள் புகுந்தார். அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். மஜீட் நிதானமாகப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

"மூண்டு எண்டு சொன்னியே, உள்ளுக்க இருந்து எண்ணு!"

கூட்டம் இப்போது பீப்பாவை நோக்கிப் பாய்ந்தது. ஹஸீனா அதன்மேல் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "ஒருத்தரும் எடுக்கப்படா! எல்லாம் திறந்த குப்பி, ஆர்ரது எண்டு தெரியாது. மாறி ஊத்தினா இரிக்கிற கண்ணும் போகும். வான்ல ஏறுங்க, கிளினிக்குக்குப் போவம்!"

புழுவுக்காக வந்த வான்கள் எல்லாம் கிளினிக் பக்கம் திரும்பின.

முதல் வானின் பின் ஆசனத்தில் சீதேவிப்பிள்ளை இடுப்பிலிருந்து குப்பியை எடுத்தாள். மூடியைத் திருகினாள்.

"நாலு நாள் போச்சுங்க. என்ட மடத்தனம். என்ன ஆகிப்போச்சோ..."

"டொக்டர் பார்த்துச் சொல்லுவார். இப்ப நீ ஊத்து. பந்தயம் பந்தயம்தான்."

"மேல பாருங்க. எத்தன துளி?"

"ஒண்டு. வலதுக்கு."

"எனக்குத் தெரியாதா எந்தக் கண்ணெண்டு!" என்று சீறினாள். துளி விழுந்தது. நல்லரத்தினம் இமையைச் சிமிட்டினார்.

"கண்ண மூடட்டா?"

"மூடுங்க. இதுக்கு மட்டும் மூடலாம்."

வாசகர்களே, துளி விழுந்த பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். மருந்து உள்ளே தங்கும். வேறு எதற்காக எவன் மூடச் சொன்னாலும் மூடாதீர்கள். அவன் கையைப் பாருங்கள்.