வாலைப் பிடித்த கெர்பென்

அந்தச் சனிக்கிழமை காலையில் கெர்பென் மாபெரும் முடிவு ஒன்றுக்கு வந்தார். பெண்டாட்டியைப் படகேற்றி அனுப்பிவிட வேண்டும். நிரந்தரமாக அல்ல. ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

காரணம் ஒரு மீன். ஜூன் பிறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் மீன்கடைக்கு மீன்கடை கொடி பறந்தது. புது ஹெர்ரிங் வந்து இறங்கிவிட்டது. மத்திக்குப் பெரியப்பா போலிருக்கும் அந்த மீனை உப்பில் ஊறவைத்து, அடுப்பையே கண்ணில் காட்டாமல், நறுக்கிய வெங்காயத்தில் புரட்டித் தின்ன வேண்டும். நினைத்தாலே கெர்பெனுக்கு நாக்கில் நீர் ஊறியது.

ஆனால் டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உப்புக்கே தடை போட்டிருந்தார். அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே மனைவி வில்மா அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த கையோடு வில்மா பந்தயம் கட்டினாள்.

"ஆகஸ்ட் வரைக்கும் ஹெர்ரிங்கத் தொடாம இரு. லீவுக்கு நாம ரெண்டு பேர் மட்டும் ஏரிக்கரை வீட்டுக்குப் போலாம். நீ பாட்டுக்குத் தூண்டில் போடு, நான் வாயே திறக்க மாட்டேன். தொட்டியோ, ரியா குடும்பத்தோட கேரவன்ல மூணு வாரம்."

ரியா அவளுடைய தங்கை. ரியாவின் புருஷன் அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம் வாசிப்பார். கேரவன் என்கிற அந்தச் சக்கர வீட்டுக்குள்ளேயே வாசிப்பார்.

தெருச் சந்தையில் உருளைக்கிழங்கும் பூங்கொத்தும் வாங்கி முடித்ததும், கெர்பென் மனைவியை மெல்லப் படகுத் துறைப் பக்கம் நகர்த்தினார்.

"வில்மா, உனக்குக் கால்வாயைச் சுத்திக் காட்டுற படகுல போகணும்னு ரொம்ப நாளா ஆசைதானே?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து. அதெல்லாம் வெளியூர்க்காரங்க ஏறுறதுன்னு நீதானே சொல்லுவ?"

"ஏறு. டிக்கெட் வாங்கிட்டேன்."

வில்மா டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். விருந்தாளி ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிடுகிற மனுஷன்.

"நீயா காசு குடுத்த?"

"பின்னே?"

"ஒண்ணுதானே இருக்கு?"

"படகு ஆடினா எனக்குத் தலை சுத்தும்."

"கால்வாய்ல அலை அடிக்குதாக்கும்?"

"மூட்டும் வலிக்குது. நீ நிம்மதியாப் போய்ட்டு வா. நான் சீஸ் வாங்கி வைக்கிறேன்."

"சரி, தங்கம்" என்றாள் வில்மா. அவள் தங்கம் என்று கூப்பிட்டால் உஷாராகிவிட வேண்டும். ஆனால் கெர்பெனின் நினைப்பெல்லாம் வெங்காயத்தில் இருந்தது. படகில் உட்கார்ந்ததும் அவள் யாருக்கோ போன் பேசிச் சிரிப்பது தெரிந்தது. பாவம், சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்கிறாள் என்று நினைத்துக் கையாட்டினார்.

சந்தையில் மீன் விற்கிற கோரி, வில்மாவோடு ஒன்றாகப் படித்தவள். அவளிடம் ஒரு ஹெர்ரிங் வாங்குவதும் வில்மாவுக்கே தந்தி அடிப்பதும் ஒன்று. எனவே கெர்பென் நாலு தெரு தள்ளி, கால்வாய்ப் பாலத்து மேலிருந்த கடைக்குப் போனார். டிராம் ஓட்டியே ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தப் பாலத்தையும் ஆயிரம் தடவை கடந்திருக்கிறார். பாலத்துக்கு அடியில் எது போகிறது என்று மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"துண்டு போட்டுத் தரவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அப்படித்தான் தின்பார்கள். தலையைக் குனிந்து, குச்சியால் குத்தி. கெர்பெனோ கடற்கரையில் பிறந்தவர்.

"துண்டா? நான் என்ன பல் போன ஆளா? முழுசாக் குடுங்க. வெங்காயம் தாராளமா."

வாலைப் பிடித்தார். தலையை அண்ணாந்தார். வாயைத் திறந்தார். கண்ணுக்கு வானம் மட்டும் தெரிந்தது. மீன் உள்ளே இறங்கியது. அப்பா!

கீழே கால்வாயில் வந்த படகிலிருந்து வழிகாட்டியின் ஒலிபெருக்கி கேட்டது. "எல்லாரும் மேல பாருங்க! அசல் கடற்கரைக்காரர் எப்படிச் சாப்பிடுறார் பாருங்க!"

கைதட்டல் எழுந்தது. கெர்பெனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னொன்று வாங்கி, கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் படகுக்கு நேராக நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகத் தின்று காட்டினார்.

பிறகு புதினா மிட்டாய் மென்றார். கையைக் கழுவினார். சீஸையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு துறையில் போய் நல்ல பிள்ளையாக நின்றார்.

வில்மா சாவகாசமாக இறங்கி வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"அருமை. உனக்கு?"

"எனக்கென்ன, சீஸ் வாங்கினேன்."

"வழியெல்லாம் மீன்கடையா இருக்கே. ஆசை வரலையா?"

"மீனா? அதோட வாசனையே மறந்துபோச்சு வில்மா."

"பாவம், ரொம்பக் கட்டுப்பாடாத்தான் இருக்க. பந்தயம் கெடக்கட்டும், ஒண்ணே ஒண்ணு நானே வாங்கித் தரட்டுமா?"

"கூடாது! வாக்குன்னா வாக்கு" என்று கெர்பென் நெஞ்சை நிமிர்த்தினார்.

நிமிர்த்திய நெஞ்சில் ஒரு வெங்காயத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு எண்ணெய்க் கோடு. வில்மா அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"பாலத்து மேல ஒருத்தரப் பார்த்தேன். உன்னை மாதிரியே வாலைப் பிடிச்சுத் தின்னாரு. தொப்பி கூட உன்னுதுதான். ரெண்டாவது மீனுக்கு நானும் கை தட்டினேன்."

கெர்பென் சீஸைப் பார்த்தார். அதைத் தூக்கி எண்ணெய்க் கோட்டை மறைத்துக்கொண்டார்.

"நான் தண்ணியில போய்ட்டு சுத்தமாக் கரை ஏறிட்டேன். நீ கரையிலயே நின்னு கறை ஏத்திக்கிட்ட."

"வில்மா... ரியாகிட்ட மட்டும் இப்பவே சொல்லிடாத."

வில்மா அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள்.

"நீ கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கினியே, அப்பவே போன் பண்ணிட்டேன். படகுல போனது சும்மா ஊர் பார்க்க."